கல்பவளம் வளராமல் நின்றுவிட்டால்: அறிகுறி பார்த்துக் காரணம் தேடும் வழி

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளரவில்லை என்று சொல்பவர்களின் அடுத்த கேள்வி பெரும்பாலும் "எந்த பாட்டில் வாங்கி ஊத்தணும்?" என்பதுதான். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து வீடுகளில் நான் பார்த்தவரை பாட்டில் தேவைப்பட்ட தொட்டிகள் குறைவு. தண்ணீரில் ஏதோ ஒன்று தினமும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதை நிறுத்திவிட்டால் பவளம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். எது ஏறி இறங்குகிறது என்று கண்டுபிடிக்கத்தான் இந்தக் குறிப்புகள். உங்கள் தொட்டியில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம், ஆனால் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

வாங்கும் முன் சட்டம்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் 2001 முதல் கல்பவளங்கள், அதாவது சுண்ணாம்பு எலும்பு கட்டும் பவளங்கள், எல்லாமே இருக்கின்றன. கடல் விசிறிகளும் கருப்புப் பவளமும் அப்படித்தான். ராமேஸ்வரம், தூத்துக்குடி போய் வரும்போது கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் குற்றம். வெளிநாட்டுப் பண்ணைகளில் வளர்த்த துண்டுகள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் வருபவை. 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்குகளை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும். ஆகவே காகிதம் காட்டாத கடையில் வாங்கவே வேண்டாம். காகிதம் இருந்தாலும், பணம் கொடுக்கும் முன் மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வம்பே வேண்டாம் என்றால் கல் எலும்பு கட்டாத தோல் பவளம், காளான் பவளம், அதோடு பாறை மேல் இளஞ்சிவப்பாகப் படரும் பவளப்பாசி என்று அழகான தொட்டி வைக்கலாம். பவளப்பாசியும் கல்பவளம் எடுக்கும் அதே சுண்ணாம்பைத்தான் எடுக்கிறது. அதனால் கீழே தண்ணீரைப் பற்றிச் சொல்வது உங்களுக்கும் பொருந்தும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டிய அளவுகள்

உப்பளவு 35 பிபிடி, அதாவது அடர்த்தி எண் 1.026 சுமார். வெப்பம் 24 முதல் 27 டிகிரி. ஆல்கலினிட்டி, அதாவது பவளம் எலும்பு கட்ட எடுக்கும் கார்பனேட் வகைகளின் அளவு, 7 முதல் 9 டிகேஎச் (அதை அளக்கும் அலகு). கால்சியம் 400 முதல் 440 பிபிஎம். மெக்னீசியம் 1280 முதல் 1350. நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை. இயற்கைக் கடலில் ஆல்கலினிட்டி 7, கால்சியம் 415 அளவில் இருக்கும், அதனால் இந்த எண்களைத் தாண்டி ஏற்றிக்கொண்டே போவதில் பயன் கிடையாது.

இவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் தினமும் பார்க்க முடியும் என்றால் ஆல்கலினிட்டியைப் பாருங்கள். பவளம் எலும்பு கட்டும்போது 1 டிகேஎச் குறைந்தால் கால்சியம் சுமார் 7 பிபிஎம்தான் குறையும். வீட்டு டெஸ்ட் கிட்டில் 7 பிபிஎம் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. "கால்சியம் அப்படியே 420ல நிக்குது, ஆல்கலினிட்டி மட்டும் விழுது" என்று குழம்பிப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், இரண்டும் சேர்ந்தேதான் குறைகின்றன.

கருவியையும் நம்பி விடக்கூடாது. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் 35க்குப் பக்கத்தில் இரண்டு மூன்று பிபிடி தப்பாகக் காட்டலாம். வீட்டிலேயே சரிபார்க்க ஒரு கரைசல் செய்யலாம்: 36.5 கிராம் உப்பு, 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீர். அது 35 என்று காட்ட வேண்டும். டெஸ்ட் கிட் கோடையில் கூரியர் வண்டியில் வெந்து வந்ததாக இருக்கலாம், தேதி முடிந்ததாகவும் இருக்கலாம். அதிர்ச்சி தரும் எண் எது வந்தாலும் இன்னொரு கிட்டில் பார்க்காமல் தொட்டியில் எதையும் ஊற்றாதீர்கள்.

அறிகுறி: உயிரோடு இருக்கிறது, நிறமும் இருக்கிறது, ஆனால் வளரவே இல்லை

முதலில், எவ்வளவு நாளாக? புதிதாக ஒட்டிய துண்டு மேலே கிளம்பும் முன் அடியில் படர்ந்து பாறையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று மாதம் மேலே எதுவும் தெரியாமல் போவது சகஜம். ஒட்டிய பசையைத் தாண்டி மெல்லிய தோல் போல ஓரம் படர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். படர்ந்திருந்தால் வளர்ச்சி நடக்கிறது என்று அர்த்தம். வகையையும் பார்க்க வேண்டும். கிளைவிடும் அக்ரோபோரா கடலில் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் கூட நீளும். உருண்டைப் போரைட்டிஸ் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் ஏறினாலே நல்ல வளர்ச்சி.

அதற்குப் பிறகும் அசைவில்லை என்றால் ஒரு வாரம் எதுவும் சேர்க்காமல், தினமும் ஒரே நேரத்தில் ஆல்கலினிட்டியை அளந்து எழுதுங்கள். இங்கேதான் வழி மூன்றாகப் பிரிகிறது: குறைகிறது, அப்படியே நிற்கிறது, ஏறுகிறது.

குறைகிறது என்றால் பவளம் கட்டிட வேலை செய்கிறது, சாமான் போதவில்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு விழுகிறதோ அவ்வளவைத் தினமும் திருப்பிக் கொடுக்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீரில் 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் ஆப்ப சோடா போதும். பேக்கிங் பவுடர் வேறு, அது கூடாது. கால்சியம் 10 பிபிஎம் ஏற்ற, அதே 100 லிட்டருக்கு இரு நீர் மூலக்கூறு கொண்ட கால்சியம் குளோரைடு 3.7 கிராம். இரண்டையும் ஒரே குடத்தில் கலந்தால் வெள்ளையாகத் திரிந்துவிடும், தனித்தனியாக, இடைவெளி விட்டு ஊற்றுங்கள். அளவு எவ்வளவு இறங்கியிருந்தாலும் ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். அரை என்றால் இன்னும் நல்லது.

நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வழி சுண்ணாம்பு நீர். ஏனென்றால் இங்கே காற்று வறண்டது, தொட்டியில் ஆவியாவது அதிகம். உணவுத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு லிட்டருக்கு ஒன்றரை கிராம் கரையும், அதற்கு மேல் போட்டால் அடியில் தங்கும். அப்படிக் கரைந்த ஒரு லிட்டரில் 110 டிகேஎச்சுக்கு மேல் ஆல்கலினிட்டி இருக்கிறது, அதற்கு ஏற்ற விகிதத்தில் கால்சியமும் இருக்கிறது. 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 3 லிட்டர் ஆவியானால், அந்த 3 லிட்டரையும் சுண்ணாம்பு நீராகவே நிரப்பினால் தினம் 1.7 டிகேஎச் கிடைக்கும். வீட்டுத் தொட்டிகளில் பலவற்றுக்கு இதுவே தாராளம். கூடவே பிஎச்சும் ஏறும். ஆனால் சுண்ணாம்பு நீரின் பிஎச் 12க்கு மேல். சொட்டுச் சொட்டாக, இரவில், ஓட்டம் உள்ள இடத்தில் விழ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் தொட்டி முழுக்கப் பால் போல வெளுத்து, காலையில் பவளம் இருக்காது. கண்ணிலும் கையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அதுவும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான், ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று யாரும் அளந்து விற்பதில்லை. பளிங்குக் கல் துண்டு போட்டால் கால்சியம் வரும் என்பதும் நடக்காத காரியம். கடல்நீரின் பிஎச்சில் பளிங்கு கரையாது. கரியமில வாயு செலுத்திப் பிஎச்சை ஆறரை வரை இறக்கும் கால்சியம் ரியாக்டருக்குள் போட்டால்தான் கரையும்.

ஆல்கலினிட்டி அப்படியே நிற்கிறது என்றால் பவளம் சாமானை எடுக்கவே இல்லை. ஊற்றினாலும் எடுக்காது. அப்போது வெளிச்சம், ஓட்டம், பிஎச் மூன்றையும் பாருங்கள். வெளிச்சம் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். எலக்ட்ரிக் கடை வெள்ளை எல்.இ.டி. மனிதக் கண்ணுக்குப் பளீரென்று இருக்கும், பவளத்துக்குள் வாழும் பாசிக்கு வேண்டிய நீல ஒளி அதில் போதாது. பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பார் மீட்டர் இரவல் கிடைத்தால் அளந்துவிடுங்கள்: அக்ரோபோரா, மான்டிபோராவுக்கு 200 முதல் 350, நீளமான சதை இழைகளோடு அசையும் டார்ச், ஹேமர் பவள வகைகளுக்கு 50 முதல் 150. கூட்டுவதாக இருந்தால் வாரத்துக்குப் பத்து சதவீதம் மட்டும். ஓட்டம், தொட்டி அளவைப்போல மணிக்கு இருபது முப்பது மடங்கு தண்ணீர் சுழல வேண்டும், அதுவும் ஒரே பக்கம் பீய்ச்சாமல் மாறி மாறி அடிக்க வேண்டும்.

பிஎச் விஷயம் பலருக்கும் தோன்றுவதில்லை. கதவு, ஜன்னல் சாத்தி ஏ.சி. போட்டு நாலு பேர் தூங்கும் அறையில் தொட்டி இருந்தால் அறையின் கரியமில வாயு தண்ணீரில் இறங்கும். பவளம் எலும்பு கட்டும் இடத்தில் பிஎச்சை உயர்த்த அமிலத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வெளித் தண்ணீரின் பிஎச் இறங்க இறங்க அந்த வேலை கடினமாகும். சோதனை சுலபம். ஒரு பிளாஸ்டிக் சொம்பில் தொட்டித் தண்ணீரை மொட்டை மாடிக்குக் கொண்டு போய், ஏர் பம்ப் வைத்து ஒரு மணி நேரம் குமிழ் விடுங்கள். பிஎச் நன்றாக ஏறினால் குற்றம் அறைக் காற்றில். குமிழ் விட்டு அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மூன்றாவது வழி, எதுவும் சேர்க்காமலே ஏறுகிறது. அதற்குத் தனிப் பகுதி வேண்டும்.

அறிகுறி: எதுவும் போடவில்லை, ஆனால் ஆல்கலினிட்டி மெல்ல ஏறுகிறது, கூடவே கண்ணாடியில் பழுப்பு படிகிறது

நம் இரண்டு மாவட்டங்களிலும் இந்த அறிகுறி வந்தால் நான் முதலில் கேட்பது, ஆவியான தண்ணீருக்குப் பதிலாக என்ன நிரப்புகிறீர்கள் என்பதுதான். ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது. நிரப்பும் தண்ணீரில் கரைந்திருப்பது எல்லாம் தொட்டிக்குள்ளேயே தங்குகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். போர் தண்ணீரின் ஆல்கலினிட்டி லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் அது சுமார் 17 டிகேஎச். நாளுக்கு 3 லிட்டர் என்றால் மாதம் 90 லிட்டர். 200 லிட்டர் தொட்டியில் மாதம் ஏழரை டிகேஎச் கூடுகிறது. பவளம் கொஞ்சம் எடுத்துக்கொள்வதால் சில மாதம் எல்லாம் நன்றாக இருப்பது போலவே தோன்றும். அதே தண்ணீரில் நைட்ரேட் 45 மில்லிகிராம் இருந்தால் அதுவும் மாதம் 20 பிபிஎம் ஏறும். விவசாய நிலத்துக்கு நடுவே இருக்கும் போரில் நைட்ரேட் இருப்பது அபூர்வம் இல்லை. சிலிகேட் ஏறினால் கண்ணாடியில் டயாட்டம் என்ற அந்தப் பழுப்புப் பொடி.

ஃபுளோரைடு பற்றி இங்கே எல்லோரும் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியதுதான், நம் பிள்ளைகளின் பல்லில் அதன் கறையைப் பார்த்திருக்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்க வந்ததுதான். ஆனால் கடல்நீரிலேயே லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் ஃபுளோரைடு இயல்பாக இருக்கிறது. பவளத்துக்கு அது புதிதல்ல. சேர்ந்துகொண்டே போனால்தான் சிக்கல், அதைவிட முந்திக்கொண்டு நைட்ரேட்டும் ஆல்கலினிட்டியும் தொட்டியைக் கெடுத்திருக்கும்.

ஆகவே தீர்வு ஒன்றுதான்: டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்புகளின் அளவு, பூஜ்யமாக உள்ள தண்ணீர். வீட்டு ஆர்.ஓ. மெஷினில் வரும் தண்ணீர் அது இல்லை. குடிப்பதற்கான மெஷின்களில் மினரல் கார்ட்ரிட்ஜ் அல்லது டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒன்று இருக்கும், அது தாதுக்களைத் திரும்பக் கலந்துவிடும். கேன் தண்ணியும் அப்படியே. மெம்பிரேனிலிருந்து வெளியே வரும் குழாயில், கன்ட்ரோலருக்கு முன்னால், ஒரு டி இணைப்புப் போட்டு எடுத்து, அதை, மிச்ச உப்பைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் வழியாக விடுங்கள். இந்த வேலை தெரிந்த ஆர்.ஓ. மெக்கானிக் பாலக்கோட்டிலும் ஊத்தங்கரையிலும் கூடக் கிடைப்பார். 1000 டி.டி.எஸ். போர் தண்ணீரில் நல்ல மெம்பிரேன் 95 சதவீதம் பிடித்தாலும் 50 மிச்சம் வரும். மீதியை ரெசின் பிடிக்க வேண்டும்.

போர் தண்ணீரில் கரைந்த கரியமில வாயு அதிகம், மெம்பிரேன் அதைத் தடுக்காது, ரெசின் அதைப் பிடித்துப் பிடித்தே சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து, இரவு முழுக்க ஏர் பம்ப் போட்டு, காலையில் ரெசின் வழியாக விட்டால் ரெசின் வெகுநாள் வரும். டி.டி.எஸ். மீட்டர் 1 என்று காட்ட ஆரம்பித்த உடனே ரெசினை மாற்றிவிடுங்கள். தீரும் தறுவாயில் ரெசின் முதலில் விடுவது சிலிகேட்டைத்தான். ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருகிறது என்றால் அதில் குளோரின் இருக்கும், கார்பன் ஃபில்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் மெம்பிரேனே கெட்டுவிடும்.

தண்ணீரை வாரத்துக்கு ஒருமுறை நிரப்பும் பழக்கமும் வேண்டாம். 200 லிட்டரில் ஒரு வாரம் 21 லிட்டர் ஆவியானால் உப்பு 35லிருந்து 39க்குப் போய்விடும். மிதவை வைத்த ஆட்டோ டாப்-அப் விலைக்குத் தகுந்த பொருள்.

ஏற்கெனவே ஏறிப் போன தொட்டிக்கு: நல்ல தண்ணீரில் கலந்த ரீஃப் உப்பு நீரால் வாரம் பத்துப் பதினைந்து சதவீதம் மாற்றிக்கொண்டே வாருங்கள். ஆல்கலினிட்டி 12ல் இருந்தால் ஒரே நாளில் 8க்கு இறக்க நினைக்காதீர்கள். இறங்குவதும் ஏறுவதைப் போலவே பவளத்தை அடிக்கும்.

அறிகுறி: எவ்வளவு போட்டாலும் அளவு நிற்கவில்லை, ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளைப் பொருக்கு

மெக்னீசியத்தை அளந்து பாருங்கள். அது 1200க்குக் கீழே போனால் கால்சியமும் கார்பனேட்டும் பவளத்துக்குப் போகாமல் தண்ணீரிலேயே கல்லாகப் படியும். சூடான ஹீட்டரும் பம்பும்தான் முதலில் வெளுக்கும். 100 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்ற மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 8.4 கிராம். மெதுவாக ஏற்றுங்கள். மெக்னீசியம் சரியாக இருந்தும் பொருக்கு வருகிறது என்றால் ஆல்கலினிட்டி 11, 12 என்று தூக்கி வைத்திருப்பீர்கள், அல்லது மருந்து விழும் இடத்தில் ஓட்டம் இருக்காது. பொருக்கை வினிகரில் ஊற வைத்தால் கழன்றுவிடும்.

அறிகுறி: நிறம் போய் எல்லாம் பழுப்பாகிவிட்டது

இது சாவு அல்ல. பவளத்தின் சதைக்குள் வாழும் பாசி பெருகிவிட்டது என்று அர்த்தம். உரம் அதிகம், அல்லது வெளிச்சம் குறைவு. நைட்ரேட் 20க்கு மேல், பாஸ்பேட் 0.2க்கு மேல் என்றால் மீனுக்குப் போடும் தீனியைக் குறையுங்கள், ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவுங்கள். கடையிலிருந்து வந்த புதுத் துண்டு பழுப்பாவது பெரும்பாலும் பயணக் களைப்பு, விட்டுவிட்டால் நிறம் திரும்பும்.

அறிகுறி: வெளிறிப் போகிறது

"அண்ணா, நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இன்னைக்கு வெள்ளையாயிடுச்சு" என்று போன் வந்தால் நான் ஒன்றைத்தான் கேட்பேன்: "மேல சதை இருக்கா தம்பி, இல்ல எலும்பு தெரியுதா?" கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கண்ணாடி போன்ற சதையும் குட்டிக் குட்டிப் பாலிப்பும் இருந்தால் அது வெளிறல், உயிர் இருக்கிறது. சொரசொரப்பான வெறும் எலும்பு தெரிந்தால் அது சதை உரிதல், அடுத்த பகுதிக்குப் போங்கள். இரண்டுக்கும் செய்ய வேண்டியவை வேறு.

வெளிறல் என்பது பவளம் தன் பாசியை வெளியே தள்ளுவது. கடலிலும் வெப்பம்தான் முக்கியக் காரணம்: வழக்கமான உச்சக் கோடையைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தாலே போதும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் பெரிய அளவில் வெளிறல் வந்தது. வீட்டுத் தொட்டியில் தர்மபுரிச் சித்திரை வெயிலுக்கு மதியம் 31, 32 டிகிரி வந்துவிடும். சில்லர் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் தண்ணீர் மேற்பரப்பின் மேல் குட்டி ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். நம் வறண்ட கோடையில் ஃபேன் நன்றாக வேலை செய்யும், ஐப்பசி மழை நாளில் அவ்வளவு செய்யாது. ஃபேன் ஓடும் நாளில் ஆவியாவதும் கூடும், டாப்-அப் டிரம்மைப் பெரிதாக வையுங்கள். தொட்டியைத் தார்சு வீட்டு மேல்மாடியில், மேற்குச் சுவரை ஒட்டி வைக்கவே கூடாது.

வெப்பம் சரியாக இருந்தும் வெளிறினால், புது விளக்கு மாற்றினீர்களா, துண்டை மேலே நகர்த்தினீர்களா என்று யோசியுங்கள். அதுவும் இல்லை என்றால் நைட்ரேட், பாஸ்பேட் பூஜ்யமாகியிருக்கும். சுத்தம் செய்கிறேன் என்று பாஸ்பேட் உறிஞ்சியை அளவுக்கு மீறிப் போடுபவர்கள் தொட்டியில் இது நடக்கும். பவளத்துக்கும் அதன் பாசிக்கும் கொஞ்சம் சாப்பாடு வேண்டும். உறிஞ்சியை எடுத்துவிட்டு, மீனுக்குத் தாராளமாகப் போடுங்கள்.

வெளிறிய பவளத்துக்கு முதலுதவி: வெளிச்சத்தை முப்பது நாற்பது சதவீதம் குறைத்து, வெப்பத்தை 25, 26ல் நிறுத்தி, இரவில் பொடித் தீனி கொடுப்பது. நிறம் திரும்ப வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதுவரை இடம் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

அறிகுறி: சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிகிறது

எங்கிருந்து தொடங்குகிறது என்பதுதான் இதில் துப்பு.

கிளை நுனியில் மட்டும் வெந்தது போல வெள்ளை என்றால், ஆல்கலினிட்டி 9, 10க்கு மேல், அதே நேரம் நைட்ரேட் பாஸ்பேட் பூஜ்யம் என்ற சேர்க்கைதான் வழக்கமாக இருக்கும். எலும்பு வளரும் வேகத்துக்குச் சதை வளரச் சாப்பாடு இல்லை. ஆல்கலினிட்டியை நாளுக்கு அரை டிகேஎச் வீதம் எட்டுக்கு இறக்கினால் நின்றுவிடும்.

அடியிலிருந்து மெல்ல, நாட்கணக்கில் மேலேறுகிறது என்றால் ஆல்கலினிட்டி ஏற்ற இறக்கம், அல்லது கிளைகளின் அடியில் ஓட்டமும் வெளிச்சமும் போகாதது, அல்லது பூச்சி. ஒரு வாரக் குறிப்பை எடுத்துப் பாருங்கள், எண் 7க்கும் 9க்கும் இடையே ஆடியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். நிலையாக 7ல் நிற்கும் தொட்டி, ஆடிக்கொண்டே 8.5ஐத் தொடும் தொட்டியைவிட எவ்வளவோ நல்லது.

பூச்சி என்றால், அக்ரோபோராவில் சிறு முட்டை வடிவக் கடித் தழும்புகள், அடியில் பழுப்பு முட்டைக் கொத்து: அது அக்ரோபோரா தின்னும் தட்டைப் புழு. மான்டிபோராவின் ஓரம் அரிக்கப்பட்டு, அடிப்பக்கம் வெள்ளை இழை இழையாக ஏதாவது ஊர்ந்தால் அது நுடிபிராங்க் என்ற ஓடில்லாத கடல் நத்தை. துண்டை வெளியே எடுத்து, பூச்சி நீக்கும் பவள டிப் கரைசலில் முக்கி, சிரிஞ்சால் தண்ணீரைப் பீய்ச்சினால் பூச்சி உதிரும். முட்டையை டிப் கொல்லாது. கத்தியால் சுரண்டி எடுத்து, வாரம் ஒருமுறை வீதம் ஐந்தாறு வாரம் திரும்பச் செய்ய வேண்டும். புது துண்டு எதுவாக இருந்தாலும் வந்த அடிக்கட்டையை உடைத்தெறிந்து புதுக் கட்டையில் ஒட்டுவது நல்ல பழக்கம், முட்டை பெரும்பாலும் அந்தக் கட்டையில்தான் வரும்.

ஒரே இரவில், மணிக்கணக்கில், சதை கரைந்து பறக்கிறது என்றால் காரணம் தேட நேரமில்லை. அந்தத் துண்டை உடனே வெளியே எடுங்கள். நல்ல சதை உள்ள நுனிகளை, உரிந்த கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெட்டி, டிப்பில் முக்கி, சூப்பர் க்ளூ ஜெல்லால் புதுக் கட்டையில் ஒட்டி, நல்ல ஓட்டத்தில் வையுங்கள். மிச்சத்தைத் தொட்டியில் விட வேண்டாம். பிறகு உப்பளவு, வெப்பம், ஆல்கலினிட்டி மூன்றையும் பாருங்கள்; முந்தின நாளில் இவற்றில் ஒன்று துள்ளியிருக்கும் வாய்ப்பு அதிகம்.

அறிகுறி: டார்ச், ஹேமர் வகைகள் விரியவில்லை

ஓட்டம் நேராக முகத்தில் அடிக்கிறதா? கையை வைத்துப் பாருங்கள், தள்ளக்கூடாது, வருட வேண்டும். பக்கத்தில் வேறு வகைப் பவளம் இருக்கிறதா? இரவில் இவை நீளமான கொட்டும் இழைகளை நீட்டிப் பக்கத்து வீட்டைச் சுடும், பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். தண்டைச் சுற்றிப் பழுப்பு ஜெல்லி போலக் கட்டியிருந்தால் அது தொற்று, அந்தத் தலையை எடுத்து, ஜெல்லியைத் தொட்டிக்கு வெளியே உறிஞ்சி, டிப் செய்யுங்கள். மீனுக்குச் செம்பு மருந்து எப்போதாவது அதே தொட்டியில் போட்டிருந்தால் பவளம் அங்கே சரிவராது.

அறிகுறி: பவளம் எல்லாம் ஒரே நேரத்தில் சுருங்கிவிட்டன, மீன் மேலே வந்து மூச்சு வாங்குகிறது

மின்சாரம் போய் வந்ததா? பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்தடை என்று நாளிதழில் அறிவிப்பு வரும் நாட்களில் இதைத்தான் பார்க்கிறேன். ஓட்டம் நின்றால் ஆக்சிஜன் முதலில் தீரும், அதுவும் சூடான உப்பு நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. வெப்பம், ஆல்கலினிட்டி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வீட்டு இன்வெர்ட்டரில் எல்லாவற்றையும் இணைக்க வேண்டியதில்லை. தண்ணீரைச் சுழற்றும் ஒரு வேவ்மேக்கர் அல்லது ஒரு ஏர் பம்ப் போதும், அது பத்து இருபது வாட்தான் எடுக்கும், பேட்டரி பகல் முழுக்கத் தாங்கும். 24 வோல்ட் டி.சி. வேவ்மேக்கர் என்றால் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடர் இணைப்பில் வைத்தே ஓட்டலாம். இன்வெர்ட்டரே இல்லாத வீட்டில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். அதுவும் இல்லாத நேரத்தில் பிளாஸ்டிக் சொம்பால் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாலும் மீனும் பவளமும் பிழைக்கும். விளக்கைப் போட வேண்டாம், தீனியும் போட வேண்டாம்.

மின்சாரம் திரும்பிய உடனே பார்க்க வேண்டியது ஹீட்டர். வோல்டேஜ் துள்ளும் இடங்களில் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமலே இருந்துவிடும். ஓசூர், தளி பக்கம் மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் இல்லாமல் முடியாது, ஆனால் 300 வாட் ஒன்றுக்குப் பதில் 150 வாட் இரண்டாக வையுங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் தொட்டி வெந்துவிடாது, ஒன்று செத்தாலும் உறைந்துவிடாது. இரண்டையும் தனியாக ஒரு வெப்பக் கன்ட்ரோலர் வழியாகப் போட்டு, அதை 25.5 டிகிரியில் வையுங்கள். அந்தக் கன்ட்ரோலரின் சென்சார் வயர் தண்ணீருக்கு வெளியே நழுவி வந்துவிட்டால் அது குளிர் என்று நினைத்து ஹீட்டரை விடாமல் எரிக்கும், அதனால் உறிஞ்சு கோப்பையை மட்டும் நம்பாமல் சம்ப் (தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டித் தொட்டி) சுவரில் கிளிப் போட்டு இறுக்கிவிடுங்கள்.